இரவல் வண்டி

இரவல் என்னும் சொல்லுக்கு நம்மவரிடையே நற்பெயர் இருந்ததில்லை. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பது முதியோர் வாக்கு. அயல்வீட்டிலிருந்து ஒரு சுளகை வாங்கி வந்தாலும் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை மனத்தில் ஒரு சிறு பாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஆனால் இன்று நேயர்களுக்குச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட இரவல் வேறு வகையானது. இதைக் கேட்பவர் தலைகுனிந்து கேட்பதில்லை. கொடுப்பவரோ தாம் விற்ற பொருளிற் குறை நேர்ந்தமையாற் கொடுக்கிறார். மோட்டார் வண்டியைப் பழுது பார்க்கும் நாட்களில், அதை விற்ற முகவர் வேறொரு வண்டியை ஓட்டத் தரும் வழக்கத்தைப் பற்றியே சொல்லப்போகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணி. ஒருவர் தமது காரை முகவரின் கராஜுக்குக் கொண்டு வருகிறார். வண்டி வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. கியர்ப் பெட்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது. உத்தரவாதக் காலம் முடியாதபடியால் திருத்தக் கூலியும் உதிரிப்பாகத்தின் விலையும் அவர் தலையில் விழா. எழுதுவினைஞர் ஒரு பத்திரத்தை நிரப்பிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு வேறொரு காரின் திறப்பை அவரிடம் நீட்டுகிறார். "லோனர்" என்று அந்நாட்டார் அழைக்கும் இரவல் வண்டி அதுவே. வந்தவர் அதில் ஏறி நேரே வேலைக்குப் போகிறார்.

இவ்வளவுதான் காட்சி. பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. ஆனால் இந்தச் சாதாரணக் காட்சி அமைவதற்கு மோட்டார் வண்டி தோன்றி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கெட்டுப்போன உறுப்புக்குப் பதிலாகப் புதிய உறுப்பைத் தருகிறோம் என்று கம்பனிகள் தொடக்கக் காலத்திலேயே ஒப்புக்கொண்டன. ஆனால் அந்த உறுப்பை மாற்றும்வரை வண்டியில்லாமற் கழிந்த நாளுக்கு யார் பொறுப்பு? அந்த ஒரு நாளின் கூலி யாருடைய நட்டம்? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

மோட்டார் வண்டியின் முதற் காலத்தில் இந்தக் கேள்வி எழவும் இடமில்லை. 1908ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட் வெளியிட்ட மொடல் டி வண்டியைப் பெரும்பாலும் உடையவரே திருத்திக்கொண்டார். ஒரு சுத்தியல், ஒரு குறடு, சில முடுக்கிகள், சற்றுப் பொறுமை ஆகியவை இருந்தாற் போதும். வண்டி நின்றுபோனால் கொட்டிலிற் குதிரை நின்றது; குதிரை இல்லாதவருக்கு ரயிலும் டிராமும் இருந்தன. அன்று கார் இல்லாத நாள் வெறும் கார் இல்லாத நாளே.

சட்டமும் அன்று வாங்கியவர் பக்கம் நிற்கவில்லை. வண்டியைச் செய்தவர் ஒருவர், விற்றவர் வேறொருவர். வாங்கியவர் ஒப்பந்தம் செய்துகொண்டது விற்றவருடன் மட்டுமே. ஆகையால், வண்டியிற் குறை இருந்தாலும் செய்தவரைக் கேட்க முடியாது என்பது பழைய விதி. இந்த விதியை முதன்முதலில் உலுக்கியது நியூ யோர்க் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம். பியூக் கார் ஒன்றின் மரச் சக்கரத்தின் ஆரங்கள் நொறுங்கி, வண்டி குடைசாய்ந்து, அதன் உடையவர் காயமுற்றார். சக்கரத்தை வேறொரு தொழிற்சாலையில் வாங்கினோம், நாங்கள் செய்யவில்லை என்று பியூக் கம்பனி வாதாடியது. 1916ஆம் ஆண்டில் நீதியரசர் கார்டோசோ தீர்ப்பளித்தார். கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் பொருளைச் செய்பவர், இடையில் எத்தனை கை மாறினாலும், அதைப் பயன்படுத்துவோருக்குப் பொறுப்பாளியாவார் என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னாளில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் அமர்ந்த பேரறிஞர் அவர். ஆயினும் அத்தீர்ப்பு உடலுக்கு நேர்ந்த காயத்தைப் பற்றியது. வண்டி கராஜிற் கிடந்த நாட்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இதற்கிடையிற் கம்பனிகள் எல்லாம் ஒன்றுகூடி, மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தின் வாயிலாக, ஒரே மாதிரியான உத்தரவாதப் பத்திரம் ஒன்றை வகுத்துக்கொண்டன. வண்டி கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்கள் அல்லது 4,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. குறையுள்ள உறுப்பைக் கழற்றி, அனுப்பும் செலவையும் முன்கூட்டிக் கட்டி, தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். கம்பனி அதைச் சோதித்துப் பார்த்து, குறை இருக்கிறது என்று தானே திருப்தியடைந்தால் மட்டும், மாற்றுறுப்புத் தரும். வாதியும் நீதிபதியும் ஒருவரே என்பதுபோன்ற ஏற்பாடு. இந்த உத்தரவாதமே மற்றெல்லாப் பொறுப்புக்கும் பதிலாகும் என்று கடைசியில் ஒரு வரி. டெட்ரோயிட் நகரைச் சூழ்ந்திருந்த எந்தக் கம்பனியிடம் போனாலும் இதே பத்திரத்தைத்தான் நீட்டினார்கள்.

இனி, இந்தப் பத்திரத்தின் அதிகாரம் எப்படி உடைந்தது என்ற கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1955ஆம் ஆண்டு மே மாதம். நியூ ஜேர்சி மாநிலத்தில் ஹென்னிங்சன் என்பவர் அன்னையர் தினத்தை முன்னிட்டு மனைவிக்குப் பரிசளிக்க எண்ணி, புத்தம் புதிய பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். கிறைஸ்லர் கம்பனியின் வண்டி அது. மே 9ஆந் திகதி வண்டி வீடு வந்து சேர்ந்தது. பத்து நாட்கள் ஒரு குறையுமின்றி ஓடிற்று. மே 19ஆந் திகதி அந்த அம்மையார் கடற்கரை நகரமாகிய அஸ்பரி பார்க்குக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தார். வீதி செப்பமானது, வேகமும் மணிக்கு இருபது அல்லது இருபத்திரண்டு மைலே. திடீரென்று வண்டியின் முன்பகுதியின் அடியிலிருந்து ஒரு பெருஞ் சத்தம். ஏதோ முறிந்தது போன்ற ஓர் உணர்வு. கையிலிருந்த ஸ்டியரிங் சக்கரம் தானே சுழன்றது. வண்டி வலப்புறமாகத் திரும்பி, வீதியோரத்து அறிவிப்புப் பலகையையும் செங்கற் சுவரையும் மோதி நின்றது. அருகில் ஓடிய பஸ்ஸின் சாரதி அதைக் கண்ணாரக் கண்டவர். ஒழுங்காக வந்த வண்டி சட்டென்று திரும்பிச் சுவருக்குள் புகுந்தது என்று அவர் சாட்சி சொன்னார். அதுவரை வண்டி ஓடிய தூரம் 468 மைல்.

வண்டியின் முன்பகுதி முழுவதும் நசுங்கிவிட்டமையால், எந்த உறுப்பு முறிந்தது என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கம்பனியும் முகவரும் உத்தரவாதப் பத்திரத்தை எடுத்து நீட்டினர். அப்பத்திரம் கொள்முதல் ஒப்பந்தத்தின் பின்புறத்தில், எட்டரை அங்குல நீளத்துக்கு, மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கியவர் முன்புறத்திற் கையொப்பமிட்டார். பின்புறத்தை அவர் படிக்கவில்லை. நம்மிற் படிப்பவர் எத்தனை பேர்? கெட்ட உறுப்பை மாற்றித் தருவதோடு எங்கள் பொறுப்புத் தீர்ந்தது, அம்மையாரின் காயத்துக்கு நாங்கள் என்ன செய்வது என்பது அவர்களின் வாதம்.

வழக்கு மாநிலத்தின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1960ஆம் ஆண்டு மே 9ஆந் திகதி, அதாவது வண்டி வீடு வந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த அதே நாளில், நீதியரசர் பிரான்சிஸ் தீர்ப்பை வெளியிட்டார். எல்லா உற்பத்தியாளரும் ஒரே பத்திரத்தை நீட்டும்போது, வாங்குபவர் பேரம் பேச எங்கே போவார் என்பது நீதிமன்றம் எழுப்பிய முக்கியமான கேள்வி. தாமாக ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமாக அதைக் கொள்ள முடியாது. எடுத்தால் எடு, விட்டால் விடு என்னும் வகையைச் சேர்ந்தது அது. வாகனம் ஒன்றை விற்பவர், அது ஓட்டத் தகுதியானது என்ற பொறுப்பையும் சேர்த்தே விற்கிறார். சிறிய எழுத்தினால் அப்பொறுப்பைத் துடைத்துவிட முடியாது. கம்பனியும் முகவரும் ஆகிய இருவருமே பொறுப்பாளிகள் என்று தீர்ந்தது. விலை கொடுத்தவர் கணவர்; காயமடைந்தவர் மனைவி. ஒப்பந்தத்தில் அம்மையாரின் பெயரே இல்லை. இருந்தும் அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பு ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்வது மிகையாகும். விற்பனைப் போட்டியும் தன் பங்கைச் செய்தது. 1961ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளுக்குப் போர்ட் கம்பனி 12 மாதம் அல்லது 12,000 மைல் உத்தரவாதம் அளித்தது. 1963ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளுக்குக் கிறைஸ்லர் கம்பனி ஒரே தாவலாகத் தாவி, எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு முதலியவற்றுக்கு ஐந்தாண்டு அல்லது 50,000 மைல் என்று அறிவித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகவரிடம் போய் அதற்கான சான்றைக் காட்டிக் குறிப்பெழுதிக்கொள்ளவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் அறிவிப்பு மக்களைக் கவர்ந்தது. சில ஆண்டுகளில் மற்றக் கம்பனிகளும் அவ்வழியே வந்தன.

உத்தரவாதம் நீண்டது, கராஜுகளின் வாசலில் நின்ற வண்டிகளின் வரிசையும் நீண்டது. இங்கே முகவரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். முகவர் கம்பனியின் ஊழியரல்லர். தமது சொந்த முதலைப் போட்டு நடத்தும் வணிகர். உத்தரவாதத் திருத்தத்துக்குக் கூலி கொடுப்பது கம்பனி. இந்த வேலைக்கு இத்தனை நிமிடம் என்று கம்பனி ஒரு கைந்நூலில் முன்னரே வரையறுத்துவிடும். மெக்கானிக் அதற்கு இருமடங்கு நேரம் உழைத்தாலும் கணக்கு அதே கணக்குத்தான். அதிலும் சாதாரண வாடிக்கையாளரிடம் வாங்கும் கூலியைவிடக் கம்பனி தரும் கூலி குறைவு என்பது முகவர்களின் நெடுநாளைய முறைப்பாடு. கைப்பணம் கொடுப்பவரின் வண்டி முதலில் உயர்த்தியில் ஏறும். உத்தரவாத வண்டி முற்றத்தில் வெயில் காயும். உதிரிப்பாகம் வரவில்லை என்று ஒரு நாள். மெக்கானிக் வரவில்லை என்று மறுநாள். 1960களின் பிற்பகுதியில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு இந்த முறைப்பாடுகளை ஆராய்ந்து, 1970ஆம் ஆண்டில் அறிக்கையும் வெளியிட்டது.

இதற்குள் கார் இல்லாத நாளின் பொருளும் மாறிவிட்டது. யுத்தத்தின் பின்னர் அமெரிக்கர் நகரத்தின் நடுப்பகுதியை விட்டு வெளியேறிப் புறநகர்களிற் குடியேறினர். 1956ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நீளமான பெருந்தெருக்களுக்கு வழிவகுத்தது. பல ஊர்களில் டிராம் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. வேலைத்தலம் ஒரு திசையில் இருபது மைல், பாடசாலை மற்றொரு திசையில், கடைத்தெரு வேறொரு திசையில். பஸ் இல்லை, நடந்து போக ஒற்றையடிப் பாதைகூட இல்லை. இத்தகைய ஊரில் ஒருவரின் காரை மூன்று நாட்கள் வாங்கி வைத்துக்கொள்வது அவர் கால்களை வாங்கி வைத்துக்கொள்வதற்குச் சமம். மணிக்கணக்கிற் கூலி பெறுபவருக்கு அந்த மூன்று நாட்களும் சோற்றிற் கைவைக்கும் நாட்கள்.

அப்படியானால் முகவர்கள் ஏன் தொடக்கத்திலேயே இரவல் கொடுக்கவில்லை? சிலர் கொடுத்தனர். நல்ல வாடிக்கையாளருக்கு, முகவர் தாம் வாங்கி வைத்திருந்த பழைய வண்டிகளுள் ஒன்றைக் கொடுத்தனுப்புவது உண்டு. அது முகத்தாட்சணியத்தைப் பொறுத்தது. எல்லோருக்கும் கொடுக்கத் தயங்கியதற்குச் செலவு ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். மோட்டார் வண்டி ஆபத்தான கருவி; அதைத் தம் சம்மதத்துடன் பிறரிடம் கொடுத்தவர், அதனால் விளையும் விபத்துக்குப் பொறுப்பாளி என்று புளோரிடா மாநில உயர் நீதிமன்றம் 1920ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. வேறு சில மாநிலங்களிலும் உடையவரைப் பொறுப்பாளியாக்கும் சட்டங்கள் எழுந்தன. திறப்பைக் கொடுப்பவர் காப்புறுதிப் பத்திரத்தையும் எண்ணிப் பார்த்துக் கொடுக்கவேண்டியவரானார்.

இந்த இடைவெளியைக் கண்டு பிழைத்துக்கொண்ட ஒருவரின் கதை சுவையானது. வாடகைக் கார்த் தொழில் அதற்கு முன்னரே இருந்தது. 1918ஆம் ஆண்டில் சிக்காகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்னும் இளைஞர் பன்னிரண்டு போர்ட் வண்டிகளுடன் தொடங்கிய தொழிலே பின்னர் ஹேர்ட்ஸ் என்று பெயர்பெற்றது. 1946ஆம் ஆண்டில் வாரன் ஏவிஸ் என்பவர் விமான நிலையத்திலேயே கடை விரித்தார். இவர்கள் யாவரும் நாடியது பிரயாணியை. சென்ட் லூயிஸ் நகரில், யுத்தத்திற் கடற்படை விமானியாகப் பணியாற்றிய ஜாக் டெய்லர் என்பவர், 1957ஆம் ஆண்டில் ஒரு கடிலக் முகவரின் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் ஏழு வண்டிகளுடன் குத்தகைத் தொழில் தொடங்கினார். குத்தகைக்கு எடுத்தவர்கள், எங்கள் வண்டி பழுதுபார்க்கப்படும்வரை ஒரு வண்டி தரமாட்டீரா என்று கேட்கத் தொடங்கினர். 1960களின் தொடக்கத்தில் அவர் 17 வண்டிகளை அதற்கென ஒதுக்கினார். விமான நிலையத்தை நாடாமல், தன் ஊரிலேயே காரின்றித் தவிக்கும் மனிதரை நாடிய தொழில் அது. 1969ஆம் ஆண்டில், தாம் பணியாற்றிய விமானந்தாங்கிக் கப்பலின் பெயரையே தொழிலுக்கும் சூட்டி, என்டர்பிரைஸ் என்று அழைத்தார். இன்று உலகின் மிகப் பெரிய வாடகைக் கார் நிறுவனங்களுள் அஃது ஒன்று. ஒருவருடைய கார் கெட்டுப்போவது மற்றொருவருக்கு எவ்வளவு பெரிய செல்வமாகும் பாருங்கள்!

ஆனால் வாடகை வாடகையே; அதற்குப் பணம் கொடுத்தவர் பெரும்பாலும் கார் உடையவர்தான். கம்பனியே தன் உத்தரவாதத்தில் இரவல் வண்டியையும் சேர்த்து எழுதிய பெருமை, பெரிய மூன்று கம்பனிகளுக்கும் கிடைக்கவில்லை. நாலாம் இடத்தில் நின்று மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அமெரிக்கன் மோட்டர்ஸ் என்னும் கம்பனிக்கே அது வாய்த்தது. 1954ஆம் ஆண்டில் நாஷ், ஹட்சன் ஆகிய இரு பழைய கம்பனிகள் இணைந்து பிறந்த கம்பனி அது. விஸ்கொன்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில் அதன் பெரிய தொழிற்சாலை இருந்தது. முன்னே சொன்ன 90 நாட் பத்திரத்தை நீட்டிய சங்கத்தில் இதுவும் ஓர் உறுப்பாக இருந்ததை மறந்துவிடலாகாது.

1972ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளுடன், வாங்குவோர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை அது வெளியிட்டது. 12 மாதம் அல்லது 12,000 மைலுக்குள், டயர் தவிர்ந்த எந்த உறுப்புக் கெட்டாலும், கம்பனியின் பிழையாயின் இலவசமாகத் திருத்தித் தரும். மற்றக் கம்பனிகள் விலக்கி வைத்திருந்த சிறு உறுப்புகளும் இதனுள் அடங்கின. முறையிட விரும்புவோர் காசில்லாமல் அழைக்கும் தொலைபேசி எண் ஒன்றும் வழங்கப்பட்டது. நமது கதைக்கு வேண்டியது அடுத்த வாசகம். உத்தரவாதத் திருத்தத்துக்காக வண்டி ஓர் இரவு தங்கவேண்டி நேர்ந்தால், முகவர் ஒரு வண்டியை இலவசமாக இரவல் தருவார். அடுத்த ஆண்டில் இன்னுமொரு படி சென்றது. வீட்டிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் வண்டி நின்று, திருத்தத்துக்காக இராத்தங்க நேரிட்டால், உணவுக்கும் தங்குமிடத்துக்கும் 150 டொலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டது.

தருமசிந்தையாற் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். விற்பனை சரிந்த கம்பனி; அதன் வண்டிகளின் தரத்தைப் பற்றி மக்களுக்கு ஐயம் இருந்தது. புதிய அழகான வண்டி ஒன்றை வடிவமைக்கப் பல கோடி டொலர் வேண்டும். அவ்வளவு பணம் அவர்களிடமில்லை. ஆகவே உத்தரவாதத்தையே விற்பனைப் பொருளாக்கினர். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கெட்டுப்போகும் ஒவ்வொரு வண்டிக்கும் இரவல் கொடுப்பதானால், முகவரின் முற்றத்திற் பாதி வண்டிகள் இரவலுக்கே போய்விடும். எனவே தொழிற்சாலையை விட்டு வெளியேறும் வண்டியைக் கூடுதலாகச் சோதித்தனர். அதிகம் விற்காத வகைகளைக் கைவிட்டனர். முன்னர் வண்டி கராஜிற் கிடந்தால் நட்டம் வாங்கியவருடையது. அதைப் பற்றி டெட்ரோயிட்டில் ஒருவரும் உறக்கமிழக்கவில்லை. இப்போது ஒவ்வோர் இரவும் கம்பனியின் கணக்கில் ஏறியது. கணக்கில் ஏறிய பின்னரே அது குறையாகக் கண்ணுக்குத் தென்பட்டது. அக்கம்பனி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டிற் கிறைஸ்லர் அதை வாங்கிவிட்டது. அதன் கார்கள் இன்று பழம்பொருள் சேகரிப்போரிடம் இருக்கின்றன. இரவல் வண்டி எங்கும் இருக்கிறது.

1975ஆம் ஆண்டிற் சட்டமாகிய மக்னூசன்-மொஸ் உத்தரவாதச் சட்டம், உத்தரவாதங்களைத் தெளிவாக எழுதவேண்டும், அவை முழுமையானவையா வரையறுக்கப்பட்டவையா என்று பெயரிட்டுச் சொல்லவேண்டும் என்று விதித்தது. இரவல் வண்டி கொடுக்கவேண்டும் என்று விதிக்கவில்லை. இழந்த நாட்களைச் சட்டம் எண்ணத் தொடங்கியது 1982ஆம் ஆண்டில், கனெக்டிகட் மாநிலத்தில். குறையுள்ள புது வண்டியை அந்நாட்டார் எலுமிச்சம்பழம் என்பர். அச்சட்டத்துக்கும் எலுமிச்சைச் சட்டம் என்றே பெயர் வந்தது. ஒரே குறையை நான்கு முறை திருத்தியும் தீராவிட்டாலோ, வண்டி மொத்தம் முப்பது நாட்கள் கராஜிற் கிடந்தாலோ, கம்பனி வேறு வண்டி தரவேண்டும், அல்லது பணத்தைத் திருப்பவேண்டும் என்ற வழியை அது திறந்துவிட்டது. பின்னர் எல்லா மாநிலங்களும் ஏதோவொரு வடிவில் அதைப் பின்பற்றின.

யப்பானியர் வந்த பின்னர் இந்த உபசாரம் ஒரு கலையாகவே ஆயிற்று. டொயோட்டா கம்பனி 1989ஆம் ஆண்டிற் செல்வருக்கென வெளியிட்ட லெக்சஸ் வண்டி, சந்தைக்கு வந்து சில மாதங்களிலேயே ஒரு சங்கடத்துக்குள்ளானது. பின்புறத் தடுப்பு விளக்கையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் பற்றி இரண்டொரு முறைப்பாடுகளே வந்தன. கம்பனி விற்பனையான சுமார் 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தது. உடையவர் கராஜுக்கு வரவேண்டியதில்லை. கம்பனியின் ஆட்கள் வீடு தேடிச் சென்று வண்டியை எடுத்துவந்து, திருத்தி, மீண்டும் கொண்டுபோய் விட்டனர். தொலைவான ஊர்களுக்கு மெக்கானிக்குகளை விமானத்தில் அனுப்பினர். சுமார் மூன்று வாரங்களில் வேலை முடிந்தது. குறையொன்று வெளிப்பட்டதால் மதிப்புக் கூடிய கம்பனி அது. அதன் பின்னர் உயர்விலை வண்டிகளை விற்போர் யாவரும் இரவல் வண்டியை விளம்பரத்திலேயே சேர்க்கலாயினர்.

கதை இங்கே இனிதாக முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் திருத்தத்துக்காகக் கொடுக்கப்படும் மாற்று வண்டியே திருத்தப்படாத வண்டியாக இருந்தால் என்ன செய்வது?

2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கலிபோர்னியாவில், இருபது வயதும் இருபத்துநான்கு வயதுமான சகோதரிகள் இருவர் வாடகைக்கு எடுத்த காரொன்றிற் பயணஞ் செய்தனர். அவ்வண்டியின் ஒரு குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து தீப்பற்றக்கூடும் என்று, செய்த கம்பனி சில வாரங்களுக்கு முன்னரே அறிவித்து வண்டியைத் திரும்ப அழைத்திருந்தது. திருத்தாமலே அது வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. வண்டி தீப்பற்றி, லொறியொன்றுடன் மோதி, இருவரும் மாண்டனர். திரும்ப அழைக்கப்பட்ட வண்டியைத் திருத்தாமல் வாடகைக்கு விடக்கூடாது என்று அதுவரை மத்திய சட்டம் எதுவும் இருக்கவில்லை என்பதைக் கேட்க நமக்கு வியப்பாயிருக்கிறது. அவர்களின் தாயார் பதினோராண்டுகள் விடாது போராடினார். 2015ஆம் ஆண்டு டிசம்பரில், அச்சகோதரிகளின் பெயரையே தாங்கிய சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு ஜூன் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதுவும் 35க்கு மேற்பட்ட வண்டிகளை வைத்து நடத்துவோருக்கே. நாலைந்து இரவல் வண்டிகளை வைத்திருக்கும் சிறு முகவர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்.

தகாத்தா என்னும் யப்பானியக் கம்பனி செய்த காற்றுப் பைகளின் விவகாரம் இதே காலத்தில் எழுந்தது. மோதலின்போது ஓட்டுநரைக் காக்கவேண்டிய பை, தன் உலோகக் கூட்டை வெடித்துச் சிதறடித்தது. அமெரிக்காவில் மட்டும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 6 கோடி 70 இலட்சம் பைகள் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தனைக்கும் மாற்றுறுப்பு எங்கே? அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, உறுப்பு வரவில்லை. வண்டி ஓடும், ஆனால் அதில் ஏற அச்சம். ஹொண்டா கம்பனி முதலியவை உறுப்பு வரும்வரை இரவல் வண்டியோ வாடகை வண்டியோ தர முன்வந்தன. எல்லாக் கம்பனிகளும் தரவேண்டும் என்று செனற்றர்கள் வற்புறுத்தினர். மாதக்கணக்கில் இரவல் வண்டியிலேயே பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசென்றோர் உளர். வண்டி கிடைக்காதவர், பக்கத்து ஆசனத்தில் எவரையும் அமரவிடாமல் தனியே ஓட்டிச் சென்றனர்.

வணிகர் கையில் எதுவும் வேறொரு வேடம் புனையும் என்பதற்கும் சான்று உண்டு. இரவலுக்கென ஒதுக்கிய வண்டியை விற்பனையான வண்டியாகக் கணக்கிற் காட்டலாம் என்று ஒரு வழி இருந்தது. மாதக் கடைசியில் எண்ணிக்கையை உயர்த்த, முகவருக்குப் பணம் கொடுத்து, விற்காத வண்டிகளை இரவல் வண்டி என்று பதிய வைத்ததாக பி.எம்.டபிள்யூ கம்பனிமீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2020ஆம் ஆண்டில் அக்கம்பனி 1 கோடி 80 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கிற்று. அடுத்த ஆண்டிற் கணினிச் சில்லுகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்து, புது வண்டிகள் அருகியபோது, முகவர் பலர் இரவல் வண்டிகளையும் விற்றுவிட்டனர். திருத்தத்துக்கு வந்தவரிடம், காத்திருங்கள் என்ற பழைய சொல்லையே மீண்டும் சொன்னார்கள்.

இவ்வளவுக்குப் பின்னரும் உத்தரவாதக் கைந்நூலை எடுத்துப் பார்ப்பவர் ஒன்றைக் காணலாம். நேர இழப்பு, அசௌகரியம், வண்டியைப் பயன்படுத்த முடியாமை ஆகியவற்றுக்குக் கம்பனி பொறுப்பன்று என்ற வாசகம் அங்கே இன்னும் இருக்கிறது. சில கைந்நூல்களில், மாற்று வண்டி தருவது ஓர் உபசாரமே, உத்தரவாதத்தின் பகுதியன்று என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னர் முகவரிடம், எத்தனை நாட்கள் தங்கினால் இரவல் வண்டி தருவீர், அதன் காப்புறுதி உம்முடையதா என்னுடையதா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்பவர் அந்நாட்டிலும் சிலரே. மற்றவர் திறப்பை வாங்கும் அவசரத்தில் நீட்டிய இடத்திற் கையொப்பமிடுகின்றனர். எழுதுவினைஞர் பென்சிலை எடுத்து, கதவிலுள்ள பழைய கீறல்களைச் சுற்றி வட்டமிட்டு, பெற்றோல் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.